நனைந்த சீட்டும் காய்ந்த சுவரும்

அத்தியாயம் 6

கமாவுக்குப் பேய்களிடம் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அவை அவற்றின் வேலையைப் பார்க்கட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்பதுதான் அவனுடைய கொள்கை. இந்தப் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டு தரப்புக்கும் ஒரே ஷெட்டில் வேலை விழுந்துவிட்டது.

மலைச் சாலை முடிகிற இடத்தில் ஒற்றையாக ஒரு வீடு. அதை ஒட்டி, ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய செங்கல் ஷெட். உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு பழைய சின்னக் கார், மூக்கை உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, பின்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மர அலமாரி. இரண்டு மாதமாக விட்டு விட்டுத் தூறிய மழையில் பக்கச் சுவர்களில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ஈரத் துணி வாடை அடித்தது.

"மேடம், நான் வெளியில நின்னே குறிப்பு எடுத்துக்கறேன்," என்றான் கமா. "எனக்குத் தூரப் பார்வை நல்லா இருக்கு."

"உள்ள வாங்க," என்றார் சர்வேயர்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, வண்டிக்காரர் சொல்வது நிஜமா புளுகா என்று எழுதிக் கொடுத்த பெண்மணி. ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறிகிறார். கமா அவருடைய உதவியாளன், நாற்பத்தைந்து வயது, முன்னாள் கோர்ட் டைப்பிஸ்ட். அவன் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது என்று ஒரு நீதிபதி சூட்டிய பெயர்தான் கமா. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது அவனுக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

அவர்களை அழைத்த அம்மாள் ஷெட்டின் வாசலில் நின்றார். ஒல்லியான உருவம், இழுத்துக் கட்டிய கொண்டை, இரவெல்லாம் தூங்காத கண்கள். அவருடைய கணவர் புத்தக பைண்டர். எட்டு மாதத்துக்கு முன்பு மலையடிவார ஏரிக்குக் குளிக்கப் போனார். கரையில் சட்டையும் மூக்குக் கண்ணாடியும் ஒரு ஜோடிச் செருப்பும் கிடைத்தன. மூன்று நாள் படகு விட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

"ஏழு வாரமா வர்றார்," என்றார் அம்மாள். "புதன்கிழமை மட்டும்தான். நான் பார்வையில்லாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் வாசிச்சுக் காட்டுவேன். ஒன்றரை மணி பஸ்ஸுல இறங்கிப் போவேன், அஞ்சு மணி பஸ்ஸுல ஏறி வருவேன். வந்து பார்த்தா பூட்டு பூட்டினபடி இருக்கும். வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். ஆனா தொட்டா சுடும்."

"அப்புறம்?"

"டிரைவர் சீட்டு நனைஞ்சிருக்கும். தண்ணியில போனவர் இல்லையா?" அவர் குரல் இறங்கியது. "ஹீட்டர் முழுசாத் தள்ளி வெச்சிருக்கும். பாவம், அவருக்குக் குளிருது. ரெண்டு ஜன்னலும் திறந்திருக்கும். அப்புறம் இங்க வந்து பாருங்க."

வாசலுக்குப் பக்கத்தில், வலது கைச் சுவரைக் காட்டினார். பச்சைப் பாசிக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், ஒரு பெரிய வட்டம். அந்த இடத்தில் மட்டும் பாசி கருகி உதிர்ந்து, சுவர் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்த ஒரு ஆள் முதுகைச் சாய்த்தால் சரியாக அந்த அளவுதான் வரும்.

"இங்க உட்கார்ந்து ஈரத்தை உலர்த்திக்கறார்," என்றார் அம்மாள். "நாலாவது வாரத்துல இருந்து சீட்டு மேல ஒரு கம்பளி போட்டு வெச்சேன். திரும்பி வந்து பார்த்தா அது அழகா மடிச்சுப் பின் சீட்டுல இருக்கும். போத்திக்கிட்டுத்தான் மடிச்சு வெச்சிருக்கார்னு எனக்கு ஒரு நிம்மதி."

கமா பின் சீட்டை எட்டிப் பார்த்தான். சாம்பல் நிறக் கம்பளி நான்காக மடிந்து கிடந்தது. அவன் இரண்டடி பின்னால் வந்து நின்றான்.

"இதை யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"மகன்கிட்ட மட்டும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டாக்டரோட வர்றான். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு எழுதி வாங்கிட்டு ஏதோ ஒரு காப்பகத்துல சேர்க்கப் போறான். நல்ல பிள்ளைதான், பயப்படறான்." அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "மேடம், பேயா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர்தானே. எனக்குப் பைத்தியம் இல்லேன்னு மட்டும் சொல்லிடுங்க. அது போதும்."

சர்வேயர் காருக்குள் தலையை விட்டு, அம்மாள் கொடுத்த சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி திருகினார். மறுபடியும் டிக்.

"பேட்டரிக்கு உயிர் இல்ல," என்றார்.

"இந்த ஷெட்டுல அது ஒண்ணுக்குத்தான் செத்தா செத்த மாதிரி இருக்கத் தெரியுது," என்றான் கமா.

"போன வாரத்துக்கு அப்புறம் எதையாவது தொட்டீங்களா அம்மா?"

"இல்ல. மத்த வாரமெல்லாம் ஜன்னலை ஏத்தி விடுவேன். போன வாரம் அப்படியே விட்டுட்டேன். அவர் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்னு தோணுச்சு."

"கமா, ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாருங்க."

கமா காரின் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு நுழைந்து, பானெட்டைத் தூக்கி, முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். எல்லாக் கார்களிலும் அது அங்கேதான் இருக்கும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். கையில் ஒயர்தான் தட்டுப்பட்டது.

"மேடம், ரேடியேட்டரைக் காணோம். அதையும் அவர் தூக்கிட்டுப் போயிட்டார்."

"இடது பக்கம் பாருங்க. சக்கரத்துக்கு மேல."

இருந்தது. எஞ்சினின் இடது விலாவில், சக்கரத்தை ஒட்டி, செங்குத்தாகச் செருகி வைத்த மாதிரி ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் ஃபேன் காற்றைச் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளும்படி வெளிப்புறத் தகட்டில் நீள நீளமாகத் துளைகள் வெட்டியிருந்தார்கள்.

"மூக்கைக் கொண்டுபோய்க் காதுல வெச்சிருக்காங்க," என்றான் கமா.

"வண்டி குட்டை. எஞ்சினைக் குறுக்கால படுக்க வெச்சுட்டாங்க. முன்னாடி இடமில்ல, அதனால இது ஓரத்துக்குப் போயிடுச்சு. எஞ்சின் ஓடுற வரைக்கும் சூடான காத்து இடது சக்கரம் வழியா வெளியில ஊதும். அடுப்பு ஊதற மாதிரி." சர்வேயர் நிமிர்ந்தார். "இப்ப சொல்லுங்க, இப்படி மூக்கை உள்ள விட்டு நிக்கிற வண்டி எந்தச் சுவத்துல ஊதும்?"

கமா யோசித்தான். வாசலிலிருந்து பார்த்தால் காரின் இடது சக்கரம் இடது கைச் சுவர் ஓரம், ஷெட்டின் உட்கோடியில் இருந்தது. அந்தச் சுவரில் பாசி துளிக்கூட வாடாமல் செழித்திருந்தது. காய்ந்த வட்டமோ எதிர்ச் சுவரில், வாசல் பக்கம்.

"தப்பான சுவர்," என்றான்.

"சுவர் சரிதான். வண்டிதான் வேற மாதிரி நின்னிருக்கு. ரிவர்ஸ்ல உள்ள வந்து, பின்பக்கம் அலமாரியைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்னிருக்கு. அப்படி நின்னா இடது சக்கரம் வலது சுவத்துக்கு வந்துடும், வாசல் ஓரமா. அரை மணி நேரமாவது எஞ்சின் ஓடியிருக்கணும். இல்லேன்னா இந்தப் பாசி சாகாது."

அம்மாளின் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் எழுந்தது. "எதுக்கு நிறுத்தாம ஓட விடணும்?"

"நிறுத்தினா திரும்பக் கிளம்பாதே. பேட்டரியைப் பார்த்தீங்கல்ல? சரிவுல உருட்டி விட்டு ஒரு தடவை உயிர் கொடுத்துட்டா, வேலை முடியற வரைக்கும் அணைக்கக் கூடாது. நின்ன இடத்துலயே ஓடினா இந்த மாதிரி வண்டி சீக்கிரம் கொதிக்கும். சுவரு வேற பக்கத்துல, ஊதின சூடு திரும்ப வந்துடும்."

"ஆக ஒரு ஆள்," என்றான் கமா. பேய் இல்லை என்று தெரிந்ததும் அவன் நாக்குக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "ஆள்னா யாரு? மேடம், நான் சொல்லட்டுமா? மகன். அம்மாவைக் குழப்பி, டாக்டரைக் கூட்டிவந்து, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிக்கிட்டு,"

"அலமாரியில என்ன இருக்கு?" சர்வேயர் அம்மாளைத்தான் கேட்டார்.

"அவரோட தொழில் சாமான். பைண்டிங் பிரஸ், சுத்தியல், வெட்டுக் கத்தி, இரும்புப் பலகை. நான் திறந்தே எட்டு மாசம் ஆச்சு. வண்டியை நகர்த்தாம கதவைத் திறக்க முடியாது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"நகர்த்துவோம். கமா, பிரேக் பிடிக்க ஒரு ஆள் சீட்டுல உட்காரணும்."

"அந்த சீட்டுலயா?"

"அந்த சீட்டுலதான்."

கமா உட்கார்ந்தான். ஒரு வாரம் ஆகியும் மெத்தையின் ஓரத்தில் ஈரம் மிச்சமிருந்தது, அது கால்சட்டை வழியாகத் தொடையைத் தொட்டது. ஏரித் தண்ணீர் இல்லை, ஏரித் தண்ணீர் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பெண்கள் இருவரும் பின்பக்கம் பிடித்து இழுக்க, கார் பின்னோக்கி முற்றத்துக்கு உருண்டது. சர்வேயர் அலமாரியின் கதவைத் திறந்தார்.

மேல் தட்டு காலி. நடுத் தட்டு காலி. தூசியில் சுத்தியல், கத்தி, பலகை எல்லாம் இருந்த இடம் மட்டும் அச்சாகத் தெரிந்தது. அடியில், இரும்புப் பிரஸ் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் சுழல் சக்கரம் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. தூக்க வசதியாகப் புதுக் கயிறு ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"இந்த வாரத்துக்கு ரெடி பண்ணி வெச்சிருக்கு," என்றார் சர்வேயர். "இதுதான் கடைசி நடை. இன்னைக்கோட முடிஞ்சது."

"திருட்டுப் பயல்," என்றான் கமா.

"திருடன் எதுக்கு வாராவாரம் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விடறான்?"

சர்வேயர் அம்மாளின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்திருந்தது.

"அம்மா, ஒரு விஷயம் கேட்கணும். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டரை முழுசாத் திறந்துவிட்டா, அந்தச் சூட்டுல கொஞ்சம் வண்டிக்குள்ள வந்துடும், எஞ்சின் பிழைச்சுக்கும். உள்ள இருக்கிறவங்க வெந்து போவாங்க. அதனால மழை பெய்தாலும் ஜன்னலைத் திறந்துதான் வைக்கணும். சாரல் அடிச்சு சீட்டு நனையும். கீழ இருந்து இந்த மலை ஏறி வந்ததும் அவசரமா நிறுத்திட்டு, அஞ்சு மணி பஸ் வர்றதுக்குள்ள ஓடணும். ஹீட்டரும் ஜன்னலும் அப்படியே கிடக்கும். இது பழைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை. உங்க மகனுக்குத் தெரியுமா?"

"அவனா? இந்த வண்டியைத் தகர டப்பான்னு சொல்வான். ஏறினதே இல்ல." அம்மாள் தானாகவே பேசிக்கொண்டு போனார். "அவர்தான் போடுவார். கோடை வெயில்ல, ஏத்தத்துல, ஹீட்டரைப் போட்டுடுவார். நான் விசிறிக்கிட்டே கத்துவேன். வண்டியோட கோபத்தை நாம கொஞ்சம் வாங்கிக்கணும்னு சொல்லிச் சிரிப்பார். அவரைத் தவிர வேற யாருக்கும்..."

பேச்சு அங்கே நின்றது.



"செத்தவர் எதுக்கும்மா எஞ்சின் கொதிக்குதேன்னு கவலைப்படணும்?" என்றார் சர்வேயர். "பூட்டுக்கும் வண்டிக்கும் இன்னொரு சாவி அவர்கிட்ட இருக்கு. வண்டி காணாமப் போனா ஊரே தேடும். அதனாலதான் திரும்பக் கொண்டுவந்து விடறார். தொழில் சாமான் இருந்தா எங்க போனாலும் பிழைச்சுக்கலாம்."

அம்மாள் அழவில்லை. ஷெட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரையில செருப்பை ஜோடியா வெச்சிருந்தார்," என்றார் கடைசியில். "அவர் செருப்பு ஒண்ணு வாசல்ல, ஒண்ணு தெருவுல கிடக்கும். இருபத்தாறு வருஷமா நான்தான் சேர்த்து வெச்சேன். அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும்."

பிறகு பின் சீட்டிலிருந்து கம்பளியை எடுத்தார். அதை மார்போடு வைத்துக்கொண்டு நின்றவருக்கு முகம் மெல்லச் சிவந்தது.

"அவருக்குக் குளிருமேன்னு போட்டேன், தம்பி. ஹீட்டர் சூட்டுல அவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. மடிச்சுப் பின்னாடி வெச்சுட்டு ஓட்டியிருக்கார். நாலு வாரம். யார் போட்டது, எதுக்குப் போட்டதுன்னு ஒரு தடவை கூடவா தோணல?"

கமா குறிப்பு நோட்டை மூடினான்.

"போலீஸுக்குப் போன் பண்ணவா?" என்று சர்வேயர் கேட்டார்.

அம்மாள் தலையாட்டி மறுத்தார். திறந்து கிடந்த பானெட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், அந்த ஹீட்டருக்குச் சூடு எங்க இருந்து போகுது?"

சர்வேயர் அவரைக் கூர்ந்து பார்த்தார். எஞ்சினின் தலையில் ஒரு குழாயும், அதில் ஒரு சின்னத் திருகும் இருந்தன. "இதைத் திறந்தா எஞ்சின்ல இருந்து வெந்நீர் உள்ள போகும். மூடிட்டா, டிரைவர் முன்னாடி இருக்கிற பிடியை எவ்வளவு தள்ளினாலும் வெறும் காத்துதான் வரும்."

"மூடினா வண்டி என்ன ஆகும்?"

"ஒரே ஒரு சாமான், சீக்கிரம் ஏத்திடுவார். இறங்கும்போது ஒண்ணும் ஆகாது. ஏறும்போது இந்த மலையை வண்டி தாங்காது."

அம்மாள் திருகில் கை வைத்தார். இறுக மூடினார்.

ஒன்றரை மணி பஸ்ஸில் அவர் எப்போதும் போல ஏறினார். காரைப் பழையபடி தள்ளி வைத்து, ஷெட்டைப் பூட்டிவிட்டு, சர்வேயரும் கமாவும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். வீட்டுக்குக் கீழே மூன்றாவது வளைவில் மூவரும் இறங்கினார்கள். அங்கே சாலைப் பணியாளர்கள் மண்வெட்டி வைக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அம்மாளின் கையில் ஒரு தண்ணீர்க் கேன், தோளில் அந்தக் கம்பளி.

"மேடம், ஒருவேளை நிஜமாவே பேய் வந்துட்டா?" என்று கமா கிசுகிசுத்தான்.

"அப்ப நம்ம ஃபீஸைப் பாதியாக் குறைச்சுக்கலாம்."

இரண்டரைக்கு அரக்கு நிறக் கார் பின்பக்கம் தாழ்ந்து, மெதுவாகக் கீழே இறங்கிப் போனது. ஓட்டியவர் தொப்பியைக் கண் வரை இழுத்து விட்டிருந்தார். அம்மாள் தகரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்தார். மூச்சு ஒரு தடவை உள்ளே போய்த் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. அடையாளம் தெரிந்ததா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான்கு மணிக்குத் தூறல் வலுத்தது. பத்து நிமிடம் கழித்து, கீழ் வளைவில் முனகலாக எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. பானெட்டின் இடுக்கிலும் இடது சக்கரத்தின் மேலும் வெள்ளையாக ஆவி புகைந்தது. கொட்டகைக்கு இருபதடி முன்னால் கார் இருமி, குலுங்கி, நின்றது.

ஒரு ஆள் இறங்கினார். பானெட்டைத் தூக்கியதும் ஆவி எழும்பி அவரையே மறைத்தது. தொப்பியால் விசிறி விசிறி அதை விலக்கினார். விலகிய இடத்தில், மழையில் நனைந்தபடி, கையில் கேனோடு அவருடைய மனைவி நின்றார்.

அந்த ஆளின் முகம் வெளுத்துப் போவதைக் கமா பார்த்தான். பேயைப் பார்த்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்த ஆள் பின்னால் நகர்ந்து, காரில் முட்டி, அப்படியே சக்கரத்தின் பக்கம் குந்திவிட்டார்.

"நீ... அஞ்சு மணி பஸ்ஸுலதானே..."

"தண்ணி கொண்டு வந்திருக்கேன்," என்றார் அம்மாள். "இப்ப மூடியைத் திறக்காதீங்க, கையெல்லாம் வெந்துடும். ஆறட்டும்."

அவர் கேனைத் தரையில் வைத்தார்.

"நான் சொல்றதைக் கேளு, நான் ஏன் போனேன்னா..."

"அதை அப்புறம் கேட்கறேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டாக்டர் வர்றார், மகனும் வர்றான். செத்துப்போன புருஷன் புதன்கிழமை வந்துட்டுப் போறார்னு நான் சொல்லுவேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து, ஆமா டாக்டர், வந்தேன்னு சொல்லணும். அப்புறம் எங்க வேணா போங்க."

அந்த ஆளின் பற்கள் அடித்துக்கொண்டன. மழையா பயமா தெரியவில்லை, உடம்பு முழுக்க உதறியது. இப்போது அவருக்கு நிஜமாகவே குளிர்ந்தது.

அம்மாள் தோளிலிருந்து கம்பளியை எடுத்தார். கொடுத்துவிடுவார் என்றுதான் கமா நினைத்தான், அந்த ஆளும் அப்படித்தான் நினைத்துக் கையை நீட்டினார். அம்மாள் அதை ஒரு உதறு உதறி, விரித்து, தானே போர்த்திக்கொண்டு எஞ்சின் ஆறுவதற்காகக் காத்து நின்றார்.